யாருமில்லாத செல்லமுத்துவும் நாற்பத்திரண்டு சொந்தக்காரர்களும்

யாரும் இல்லாதவர்களுக்கு அரசாங்கம் இருக்கிறது என்று டீக்கடைத் தங்கராசு பேப்பரைப் பார்த்துச் சொன்ன அன்றுதான், தனக்கு யாரும் இல்லை என்கிற விஷயம் செல்லமுத்துவுக்குத் தெரியவந்தது.

அறுபத்தெட்டு வயது வரை அப்படி ஒரு எண்ணமே அவருக்கு வந்ததில்லை. மனைவி இருசம்மாள் போய்ப் பதினோரு வருடம் ஆகிவிட்டது. பிள்ளை பிறக்கவில்லை. கூடப்பிறந்த ஒரே தம்பி கரும்பு வெட்டப் போன ஊரிலேயே கல்யாணம் கட்டிக்கொண்டு, அங்கேயே செத்தும் போனான். யோசித்துப் பார்த்தால் யாரும் இல்லைதான். ஆனால் தும்பைக்குறிச்சியில் யாரும் அப்படி யோசித்துப் பார்ப்பதில்லை. காலையில் அவர் வேப்பங்குச்சியோடு தெருவுக்கு வந்தால், போகிற வருகிறவர்கள் மாமா என்றோ அண்ணே என்றோ பெரியப்பா என்றோ கூப்பிட்டு இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் நகர்வார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் கடலை மூட்டையோடு வண்டியிலிருந்து விழுந்து இடுப்புப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. கூலி வேலை அத்தோடு நின்றது. மறுநாளிலிருந்து அவருக்குச் சாப்பாடு பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் வீட்டில் என்று ஆகிவிட்டது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. கொளஞ்சி ஒரு சொம்பில் கம்பங்கூழைக் கொண்டுவந்து வைத்தாள், அவர் குடித்தார், அவ்வளவுதான்.

கொளஞ்சிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் கிணறு வெட்டப் போய் வெடியில் செத்தவன். இரண்டு பெண் பிள்ளைகள். களை எடுத்தும் பருத்தி எடுத்தும் அவள் கொண்டுவருவது மூன்று வயிற்றுக்கே இழுபறி. நாலாவதாக செல்லமுத்துவின் வயிறு வந்து சேர்ந்தது. அவருக்கு ஊற்றிவிட்டு, பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, கடைசியாக அவள் சட்டியில் தண்ணீர் விட்டுக் கலக்கிக் குடிப்பதை ஒருநாள் செல்லமுத்து பார்த்துவிட்டார். அன்றைக்கு அவருக்குக் கூழ் இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது, பசித்ததே. அப்படி இறங்கியதுதான் அவருக்கு வெட்கமாக இருந்தது. மாதத்தில் ஒரே ஒரு நாளாவது அந்த வீட்டுக்குள் வெறுங்கையோடு நுழையாமல் ஒரு பை அரிசியோடு நுழைந்துவிட வேண்டும் என்று நினைத்தார். வேறு ஆசை எதுவும் அவருக்கு இல்லை.

அதனால்தான் தங்கராசு முதியோர் உதவித்தொகை என்று சொன்னதும் அவர் டீயை அப்படியே வைத்துவிட்டார்.

தங்கராசு எட்டாவது வரை படித்தவர். அரசாங்கத்துக்கு இதுவரை நாலு மனு எழுதி நாலும் தள்ளுபடி ஆனவர். இந்த விஷயத்தில் அவ்வளவு அனுபவம் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. அவரே போய் விண்ணப்பப் படிவம் வாங்கிவந்து, கடையை மூடிவிட்டுச் செல்லமுத்துவுக்குப் படித்து விளக்கினார்.

“மாமா, இதுல மூணு விஷயம் இருக்கு. ஒங்களுக்கு யாரும் சோறு போடக் கூடாது. நீங்க வேலை செஞ்சும் சாப்பிடக் கூடாது. பிச்சை எடுத்தும் சாப்பிடக் கூடாது.”

“அப்ப நான் செத்துல்ல போயிருப்பேன்?”

“சாவவும் கூடாது. செத்துட்டா மனு செல்லாது.”

செல்லமுத்து மூன்றையும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “இது மூணும் இல்லாம ஒருத்தன் எப்படிப்பா உசுரோட இருக்கிறது?”

“அதைத்தான் விசாரிக்கிறதுக்கு ஆர்.ஐ. வருவாரு,” என்றார் தங்கராசு.

ஆர்.ஐ. என்றால் வருவாய் ஆய்வாளர். வைத்திலிங்கம் என்று பெயர். எந்தத் தாலுகா ஆபீஸ் என்று கேட்காதீர்கள். ஒன்றின் பெயரைச் சொன்னால் மற்றவை தங்களை விட்டுவிட்டதாகக் கோபித்துக்கொள்ளும். மனு போட்டு ஐந்து மாதம் கழித்து, வருகிற வெள்ளிக்கிழமை செல்லமுத்துவின் வறுமையை நேரில் பார்வையிட அவர் வருவதாகத் தகவல் வந்தது.

தும்பைக்குறிச்சிக்கு அதிகாரி என்று ஒருவர் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அந்த ஊருக்கென்று ஒரு மானம் உண்டு. பெண் பார்க்க வருகிறவர்களானாலும் சரி, ஜப்தி செய்ய வருகிறவர்களானாலும் சரி, வந்த இடத்தில் குறை என்று சொல்லிவிடக் கூடாது. வியாழக்கிழமை சாயங்காலமே வேலை ஆரம்பித்துவிட்டது. செல்லமுத்துவின் குடிசையை நாலு பெண்கள் சாணம் போட்டு மெழுகினார்கள். டிராக்டர்க்கார உத்திராபதி வீட்டிலிருந்து ஒரு நாற்காலியும் இரண்டு பித்தளைக் குடமும் வந்தன. லப்பைக்குடிக்காட்டில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கும் முருகையன், முதலாளி மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த டிரான்சிஸ்டரை ஒருநாள் இரவலாக வாங்கிவந்தான். அதிகாரிக்குப் பொழுது போக வேண்டாமா என்பது அவன் கேள்வி. செல்லமுத்துவின் வேட்டி கிழிந்திருந்ததால் தங்கராசு பொங்கலுக்கு எடுத்து வைத்திருந்த புது வேட்டியைக் கொண்டுவந்து கட்டிவிட்டார். கொளஞ்சி அவளிடமிருந்த ஒரே ஒரு முட்டைக் கோழியை அடித்துக் குழம்பு வைத்தாள்.

வைத்திலிங்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோவில் பாட்டுக் கேட்டார். கோழிக் குழம்பை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுக் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

“என்னய்யா, ஒடம்புக்கு என்ன?”

“இடுப்புங்க. நடக்கவே முடியலீங்க.”

“கோயில் கொளத்துக்கெல்லாம் போறது உண்டா?”

சாமி விஷயத்தில் பொய் சொல்லச் செல்லமுத்துவுக்குப் பயம். “புரட்டாசி சனிக்கிழமை கல்லங்குறிச்சிக்குப் போனேங்க. வேண்டுதல்.”

“பஸ்லயா?”

“பஸ்ஸுக்கு ஏதுங்க. நடந்துதான். போவ ஒரு நா, வர ரெண்டு நா.”

வைத்திலிங்கம் எழுதிக்கொண்டார். எழுந்து போகும்போது வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்து அன்பாகவே பேசினார். “நான் இருபத்திரண்டு வருஷமா வறுமையைப் பாத்துக்கிட்டு வரேன். வறுமைன்னா எனக்கு உள்ளங்கை மாதிரி. இங்க எனக்குத் திருப்தி இல்லை. சாப்பாடு திருப்தி, அது வேற விஷயம். வறுமை திருப்தியா இல்லை.”

உத்தரவு மூன்று வாரத்தில் வந்தது. ஏற்பதற்குத்தான் ஐந்து மாதம் ஆகும், தள்ளுவதற்கு ஆகாது என்று தங்கராசு விளக்கம் சொன்னார். மனுதாரர் வீட்டில் நாற்காலி ஒன்று, பித்தளைக் குடம் இரண்டு, வெளிநாட்டு வானொலிப் பெட்டி ஒன்று காணப்பட்டன. மனுதாரர் புது வேட்டி உடுத்தியிருந்தார். அசைவ உணவு உட்கொள்கிறார். மூன்று நாள் தொடர்ந்து நடக்கக்கூடிய திடகாத்திரம் உள்ளவர் என்பது அவர் வாக்குமூலத்தாலேயே தெரிகிறது. எனவே மனு தள்ளுபடி. இதில் குறையிருப்பின் முப்பது நாட்களுக்குள் கோட்ட அதிகாரியிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

கொளஞ்சி கேட்டுக்கொண்டிருந்தாள். “கோழிய அந்தாளுல்ல தின்னாரு,” என்றாள்.

மேல்முறையீட்டுக்குத் தங்கராசு வேறு உத்தி யோசித்தார். பொருளைக் காட்டினால்தானே தப்பு, ஆளைக் காட்டுவோம். செல்லமுத்துவுக்கு யாருமில்லை என்று ஊரில் நாலு பேர் போய்ச் சொன்னால் ஆபீசர் நம்பாமல் என்ன செய்வார்? சொல்லக் கூப்பிட்டது நாலு பேரைத்தான். ஆனால் தும்பைக்குறிச்சியில் ஒருவர் ஆஸ்பத்திரிக்கோ ஆபீசுக்கோ போனால் நாலு பேரோடு அனுப்புகிற வழக்கம் இல்லை. தனியாகப் போனால் பாவம், அவனுக்கு யாருமில்லை போலிருக்கிறது என்று வெளியூர்க்காரன் நினைத்துவிடுவான். அந்தப் பேச்சை வாங்கிவர ஊர் சம்மதிக்காது. விசாரணை நாளில் உத்திராபதியின் டிராக்டர் பருத்தி ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவதாக இருந்தது. பருத்தியை இறக்கி வைத்துவிட்டு ஆளை ஏற்றினார்கள். செல்லமுத்துவைத் தவிர நாற்பத்திரண்டு பேர். புளிச்சோறு மூட்டை தனி.

டவாலி பெயரைக் கூப்பிட்டதும் நாற்பத்து மூன்று பேரும் உள்ளே போனார்கள். இடம் போதாமல் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் நின்றார்கள். கோட்ட அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“யாருப்பா இவங்கல்லாம்?”

“இவருக்கு யாருமில்லைன்னு சொல்ல வந்தவங்க, ஐயா,” என்றார் தங்கராசு.

அதிகாரி சட்டப்படி நடக்கிறவர். வந்த சாட்சிகளை விசாரிக்காமல் அனுப்பியது அவர் சர்வீசில் கிடையாது. குமாஸ்தா காசிநாதனைக் கூப்பிட்டு, ஒவ்வொருவர் வாக்குமூலத்தையும் பதிவு செய்யச் சொன்னார். காசிநாதன் ஒரு முழுத்தாளை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில் தங்கராசு வந்தார். “மாமாவுக்கு யாருமில்லீங்க.”

காசிநாதன் எழுதினார்: மருமகன், ஒன்று.

அடுத்தது முருகையன். “சித்தப்பா பாவம், நாதியத்த மனுசனுங்க.”

அண்ணன் மகன், ஒன்று.

உத்திராபதியின் மனைவி ரெங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “எங்கண்ணன் அனாதைங்க. இதுக்கு மேல என்னத்தச் சொல்ல.”

உடன்பிறந்த சகோதரி, ஒன்று.

இப்படியே போயிற்று. முழுத்தாள் போதாமல் இன்னொன்றை எடுத்துப் பசை போட்டு ஒட்டினார். வம்சாவளி மேஜையை விட்டுக் கீழே தொங்கியது. இருபதாவது சாட்சியில் சிக்கல் வந்தது. உத்திராபதி செல்லமுத்துவை அண்ணே என்றார். அவருக்குப் பின்னால் நின்ற அவர் மகனும் அண்ணே என்றான்.

காசிநாதன் பேனாவை வைத்தார். “அப்பனும் மகனும் எப்படிய்யா ஒரே ஆளுக்குத் தம்பியா இருக்க முடியும்?”

“சின்னப் புள்ளையா இருக்கச்ச நான் கூப்பிடறதப் பாத்து அதுவும் கூப்பிட்டுச்சுங்க. அப்படியே பழகிப் போச்சு.”

“அதுக்கு முன்னாடி நின்ன ஒங்க சம்சாரமும் அண்ணன்னுதானே சொன்னாங்க? அண்ணன் தங்கச்சி கல்யாணம் பண்ணியிருக்கீங்களா?”

ரெங்கம்மாள் இதற்குப் பதில் சொன்னதை இங்கே எழுத முடியாது. காசிநாதன் அதை எழுதிக்கொள்ளவில்லை. சற்று யோசித்து, அப்பனுக்கு நேராகப் பெரிய தம்பி என்றும் மகனுக்கு நேராகச் சின்னத் தம்பி என்றும் போட்டு முடித்தார். கடைசியாக வந்த கொளஞ்சி, “பெரியப்பாவுக்கு ஒருத்தரும் இல்லீங்க,” என்றாள். தம்பி மகள், ஒன்று.

மத்தியானம் மூன்று மணிக்கு அதிகாரி பட்டியலை மேலிருந்து கீழ் வரை படித்தார். படிக்கப் படிக்க அவர் முகம் மாறியது. செல்லமுத்துவை அருகில் கூப்பிட்டார்.

“பெரியவரே, நான் இந்த ஊருக்கு மாத்தலாகி வந்து மூணு வருஷம் ஆச்சு. போன மாசம் ஜுரத்துல ஒரு வாரம் படுத்துக் கெடந்தேன். எட்டிப் பாக்க ஒரு ஆள் வரல்ல. இந்த டவாலி வந்தான், சம்பள பில்லுல கையெழுத்து வாங்க. எம் பசங்க ரெண்டு பேரும் மெட்ராஸ்ல. லெட்டர் கூடப் போடறதில்ல. ஒங்களுக்கு யாருமில்லைன்னு சொல்லவே நாப்பத்திரண்டு பேரு வேலைவெட்டிய விட்டுட்டு வந்திருக்காங்க. எனக்கு இருக்காங்கன்னு சொல்லக்கூட ஒரு ஆள் கெடையாது. நியாயமாப் பாத்தா இந்த உதவித்தொகை எனக்குத்தான் வரணும். நான் கேக்கறேனா?”

செல்லமுத்துவுக்கு அவர் மேல் உண்மையிலேயே இரக்கம் வந்தது. “நம்ம ஊருக்கு ஒரு தடவை வாங்கய்யா,” என்றார். காசிநாதன் அதையும் எழுதிக்கொண்டார். விருந்தினரை உபசரிக்கும் வசதி உடையவர்.

இரண்டாவது தள்ளுபடி வந்ததும் தங்கராசு ஊரைக் கூட்டினார். தப்பு எங்கே நடந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது என்றார். வாய்தான் கெடுத்தது. இனிமேல் செல்லமுத்துவை யாரும் மாமா என்றோ அண்ணே என்றோ கூப்பிடக் கூடாது. பின்னே எப்படிக் கூப்பிடுவது என்று ஒரு கிழவர் கேட்டதற்கு, உத்தரவில் உள்ளபடி மனுதாரர் என்று கூப்பிடலாம் என்றார்.

நல்லதுக்குத்தானே என்று ஊரும் ஒப்புக்கொண்டது. மறுநாள் காலை செல்லமுத்து தெருவுக்கு வந்தபோது, “என்ன மனுதாரரே, பல்லு வெளக்கியாச்சா?” என்று உத்திராபதி கேட்டார். “மனுதாரருக்கு ஒரு டீ போடு,” என்றான் முருகையன். சிலருக்கு அந்த வார்த்தை வாயில் நுழையவில்லை, பேசாமலே போனார்கள். நாலு நாளில் செல்லமுத்துவுக்குத் தெருவுக்கு வரவே பிடிக்கவில்லை. யாருமில்லாமல் இருப்பது இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கொளஞ்சி மட்டும், “ஆபீசுக்காரன் பேச்சு ஆபீசோட,” என்று சொல்லிவிட்டு எப்போதும் போலப் பெரியப்பா என்றே கூப்பிட்டுக் கூழ் ஊற்றினாள். அந்தக் கூழ் முன்பைவிடத் தண்ணீராக இருந்தது. மழை தப்பிய வருடம் அது. அவளுக்குக் களை வேலை இல்லை.

இதற்கிடையில் தங்கராசு கலெக்டருக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருந்தார். கலெக்டர் ஆபீசில் அதை மிகுந்த அக்கறையோடு வாங்கி, முத்திரை குத்தி, உரிய நடவடிக்கைக்காக என்று எழுதி, யார் மேல் புகாரோ அந்தக் கோட்ட அதிகாரிக்கே அனுப்பி வைத்தார்கள். அது காசிநாதன் மேஜைக்கு வந்து சேர்ந்தபோது மார்ச் மாதம் இருபத்தாறாம் தேதி.

அரசாங்கத்துக்கு மார்ச் மாதத்தில்தான் இதயம் திறக்கும். அந்தக் கோட்டத்துக்கு அந்த வருடம் நூறு ஆதரவற்றவர்கள் ஒதுக்கப்பட்டிருந்தார்கள். முப்பத்தொன்றாம் தேதிக்குள் நூறு பேரைக் கண்டுபிடித்தாக வேண்டும். தொண்ணூற்றொன்பது பேர்தான் தேறியிருந்தார்கள். ஒருவர் குறைந்தால் ஏன் குறைந்தது என்று மேலே இருந்து கேட்பார்கள். தபாலில் கடிதம் போட்டுக் காத்திருக்கக்கூட நேரமில்லாமல், காசிநாதன் பஸ் ஏறி நேராகத் தும்பைக்குறிச்சிக்கே வந்துவிட்டார்.

“பெரியவரே, ஒங்களுக்கு யாருமில்லைன்னு நாங்க அப்பவே சந்தேகப்பட்டோம்,” என்றார். “வம்சாவளியைக் கொஞ்சம் சரி பண்ணணும். அது பைல்ல ஏறிடுச்சு, கிழிக்க முடியாது. ஒங்களுக்குச் சோறு போடறது யாரோ அவங்க வந்து, எனக்கும் இவருக்கும் ஒரு சொந்தமும் இல்லைன்னு ஒரு வாக்குமூலம் குடுத்தா போதும். நாளைக்கே வந்துடுங்க. கூட்டம் வேணாம்.”

மறுநாள் செல்லமுத்துவும் கொளஞ்சியும் மட்டும் பஸ்ஸில் போனார்கள். அதிகாரி நாற்காலி போடச் சொன்னார். மார்ச் மாதத்தில் எல்லாருக்கும் நாற்காலி உண்டு.

“ஒங்களுக்கு யாரு சாப்பாடு போடறா?”

யாருமில்லை என்று சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே இருவரும் பேசி வைத்திருந்தார்கள். செல்லமுத்து வாயைத் திறந்தார். பக்கத்தில் கொளஞ்சி உட்கார்ந்திருந்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

“கொளஞ்சிதாங்க,” என்றார்.

காசிநாதன் பதறிப்போனார். “நல்லா யோசிச்சுச் சொல்லுங்க பெரியவரே.”

“யோசிச்சாலும் அவதாங்க ஊத்துறா. ரெண்டரை வருசமா ஊத்துறா. அத எப்படிங்க இல்லேங்கிறது?”

அதிகாரி காலண்டரைப் பார்த்தார். பிறகு கொளஞ்சியைப் பார்த்தார். “ஏம்மா, இவரு ஒனக்கு யாரு?”

“யாருமில்லீங்க,” என்றாள் கொளஞ்சி.

“பெரியப்பான்னு போட்டிருக்கே?”

“வாய்க்குக் கூப்பிடறதுதானுங்க. சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. பக்கத்து வூட்டுல கெடந்தாரு, ஊத்துனேன். இனிமே ஊத்த மாட்டேன். எனக்கு ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்கு. இவரு செத்தா எனக்கென்ன, இருந்தா எனக்கென்ன.”

“பிரமாதம்,” என்றார் அதிகாரி. “இப்படித் தெளிவாச் சொல்ல ஆளில்லாமதான் ஏழைங்களுக்கு எங்களால ஒண்ணும் செய்ய முடியல்ல.” கொளஞ்சி கைநாட்டு வைத்தாள். நூறாவது ஆதரவற்றவராகச் செல்லமுத்து அங்கீகரிக்கப்பட்டார். வேலை முடிந்த சந்தோஷத்தில் அதிகாரி அவளிடம் இன்னொரு வார்த்தையும் சொன்னார். “நீயும் விதவைதானே? ஆதரவற்ற விதவைகளுக்குன்னு ஒரு உதவித்தொகை இருக்கும்மா. அடுத்த மாசம் புது டார்கெட் வருது. நீயும் ஒரு மனு போட்டு வை.”

திரும்பி வரும் பஸ்ஸில் செல்லமுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் கொளஞ்சியே கேட்டாள். “மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்களே, பெரியப்பா. பொய்தானே சொன்னேன்.”

“பொய்யின்னு தெரியும்.”

“அப்புறமென்ன?”

“கொஞ்சம் யோசிச்சுட்டுச் சொல்லியிருக்கலாம். கேட்ட ஒடனே சொல்லிட்டியே,” என்றார் செல்லமுத்து.

கொளஞ்சி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

மே மாதத்தில் முதல் மணியார்டர் வந்தது. தபால்காரர் போன கையோடு செல்லமுத்து சைக்கிளில் போகிற ஒருவரின் பின்னால் தொற்றிக்கொண்டு சந்தைக்குப் போனார். புழுங்கல் அரிசி வாங்கி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு கொளஞ்சி வீட்டுக்குள் நுழைந்தார். என்ன பேச வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தும், “இந்தா” என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அன்று ராத்திரி பிள்ளைகள் நெல்லுச்சோறு சாப்பிட்டார்கள். சட்டியில் மிச்சம் இருந்தது. கொளஞ்சி இரண்டாவது தடவை தனக்குப் போட்டுக்கொண்டாள். செல்லமுத்து அதைப் பார்க்காதது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். தெருவிலும் அதற்குள் மனுதாரர் போய் மாமா திரும்பி வந்துவிட்டார்.

அதிகாரி சொன்னபடி கொளஞ்சியும் மனு போட்டாள். ஆடி மாதத்தில் வைத்திலிங்கம் விசாரணைக்கு வந்தார். ஊர் இப்போது விவரம் தெரிந்த ஊர். நாற்காலி வரவில்லை, குடம் வரவில்லை. கொளஞ்சி வீட்டில் இருந்த ஒரே ஈயப் பாத்திரத்தைக்கூட ரெங்கம்மாள் தன் வீட்டில் கொண்டுபோய் வைத்துக்கொண்டாள். வைத்திலிங்கம் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். காலி அடுப்பு, காலிப் பானை. குடிக்கத் தண்ணீர் கேட்டார், கொட்டாங்கச்சியில் வந்தது.

“இது வறுமை,” என்றார் மன நிறைவோடு. “இப்படி இருக்கணும். அன்னிக்கு அந்தக் கெழவன் வூட்டுல ஒரு ஒழுங்கே இல்லை.”

பேனாவை எடுத்துச் சிபாரிசு எழுத ஆரம்பித்த நேரத்தில், தோளில் பையோடு செல்லமுத்து வாசலுக்கு வந்தார். அன்று மணியார்டர் வந்த நாள். அதிகாரி வருவது அவருக்குத் தெரியும். அரிசியை நாளைக்குக் கொண்டுவரலாம் என்று தங்கராசு எச்சரித்தும் இருந்தார். ஆனால் மணியார்டர் கைக்கு வந்தால் அன்றைக்கே அரிசி அந்த வீட்டுக்குப் போய்விட வேண்டும். மூன்று மாதத்தில் அது அவருக்கு ஒரு பூசை போல ஆகிவிட்டது.

“என்னய்யா அது மூட்டை?”

“அரிசிங்க.”

“யாருக்கு?”

தங்கராசு பின்னால் நின்று கையை ஆட்டினார். கொளஞ்சி கண்ணைக் காட்டினாள். தன் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த வாசலுக்கு நடந்திருக்கலாம், பத்தடி தூரம். ஆனால் அறுபத்தெட்டு வயதில் அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

“இந்த வூட்டுக்குத்தாங்க,” என்றார். இடுப்பு வலியையும் மீறிக் கொஞ்சம் நிமிர்ந்தார்.

“மாசாமாசம் குடுக்கிறதா?”

“ஆமாங்க. நாந்தான் வாங்கிப் போடறேன்.”

வைத்திலிங்கம் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

உத்தரவு வந்த அன்று தங்கராசு அதை டீக்கடை வாசலில் வைத்துப் படித்தார். கொளஞ்சியும் செல்லமுத்துவும் நின்று கேட்டார்கள். மனுதாரர் கொளஞ்சியம்மாளை, அரசின் உதவித்தொகை பெற்று வசதியுடன் வாழும் செல்லமுத்து என்பவர் ஆதரித்து வருவதால், இவரை ஆதரவற்றவர் எனக் கருத இயலாது. மனு தள்ளுபடி.

“கெடுத்தீங்களே மாமா,” என்றார் தங்கராசு. “பரவாயில்ல, அப்பீல் இருக்கு. நீங்க போயி, இவளுக்கும் எனக்கும் ஒண்ணுமில்ல, அரிசியும் குடுக்கலேன்னு சொல்லிட்டா முடிஞ்சுது. இவ அன்னிக்கு ஒங்களுக்குச் சொன்ன மாதிரிதான்.”

“சொல்றேன்,” என்றார் செல்லமுத்து. “அதுல எம்பேரு எங்க இருக்கு?”

தங்கராசு விரலை வைத்துக் காட்டினார். செல்லமுத்துவுக்கு எழுத்துத் தெரியாது. குனிந்து அந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார்.

“பேருக்கு அடுத்தாப்ல என்ன போட்டிருக்கான்?”

“ஆதரித்து வருவதால்னு போட்டிருக்கு.”

“இன்னொருக்கா படி.”

தங்கராசு படித்தார். செல்லமுத்து கடுதாசியை அவர் கையிலிருந்து வாங்கி, கசங்காமல் நாலாக மடித்து, வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். பிறகு கொளஞ்சியிடம் கேட்டார்.

“அப்பீலுக்கு எத்தனை நா இருக்கு?”

“முப்பது நாளு, பெரியப்பா.”

“அப்ப முப்பதாம் நாளு போவலாம். அதுவரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்.”